நான் டிக் போடாத கட்டம்

பாரம் நிரப்புவதில் என்னை மிஞ்ச இந்தச் சிங்கப்பூரில் ஆள் கிடையாது. பீற்றல் இல்லை, உண்மை. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தேன். என் மேசையைத் தாண்டிப் போன ஒரு பாரம்கூட விவரம் குறைவு என்று திரும்பி வந்ததில்லை. தேர்தல் வந்தால் பள்ளிக்கூட மண்டபம் வாக்குச்சாவடி ஆகும். அங்கே தலைமை அதிகாரி நாற்காலியில் உட்காருவதும் இந்தக் கோவிந்தராசுதான். பக்கத்து மேசையில் இருபது வருடம் இருந்த ரவூப் இன்னும் கிண்டல் பண்ணுவான்: “ராசு செத்தாலும் டெத் சர்டிபிகேட் பாரத்த அவனே நிரப்பிட்டுத்தான் போவான் லா.”

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மகள் வீட்டு வாசலுக்கு ஆபத்தைக் கொண்டுவந்தது பாரம் நிரப்பத் தெரியாத மூடன் இல்லை. நன்றாகத் தெரிந்தவன். நான்தான்.

மகள் பெயர் வைதேகி. இங்கிலாந்தில் ஹெல்ம்பரி என்கிற ஊரில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்க் குடியுரிமையை விட்டுவிட்டு அந்த ஊர்க் குடியுரிமை வாங்கினாள். அப்போது ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை, அது வேறு கதை. மாப்பிள்ளை சுஜீந்திரனுக்குக் கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் வேலை; போனால் நாலு வாரம் கழித்துத்தான் வருவார். பேத்தி தாரகாவுக்கு நாலு வயது. அவர்கள் வட்டாரத்தில் இருந்த குழந்தைகள் நூலகத்தை மூடப்போகிறார்கள் என்று கூட்டத்தில் எழுந்து பேசப்போய், கடைசியில் இவளையே கவுன்சிலர் தேர்தலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் மாதம் போன் பண்ணினாள்.

“அப்பா, ஷிப்ட் முடிஞ்சு வந்தா கண்ணு சொருகுது. நாமினேஷன் பாரம் அனுப்பிருக்கேன். டைப் பண்ணிக் குடுங்களேன். ஹஸீனா பிரின்ட் எடுத்துட்டு வருவா, நான் சைன் மட்டும் பண்ணிருவேன். அவதான் டவுன் ஹால்ல கொண்டுபோய்க் குடுக்கறா.”

ஹஸீனா அவளுக்குத் தேர்தல் முகவர். இரண்டு தெரு தள்ளி வீடு. தாத்தா காலத்தில் கீழக்கரையிலிருந்து போன குடும்பம். தாரகாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவது எல்லாம் அந்தப் பெண்தான்.

“குடு, அரை மணி நேர வேலை” என்றேன்.

“ஒண்ணு சொல்லிடறேன்பா. வீட்டு அட்ரஸ் பாரத்துல ரெண்டாவது பக்கம் ஒரு கட்டம் இருக்கும். அட்ரஸ வெளியிட வேணாம்னு. அதுல டிக் போட்டுருங்க. மறந்துராதீங்க.”

“யார்கிட்ட சொல்றே?”

“ஓகே ஓகே, சாரி சார்” என்று சிரித்தாள்.

ரோவெல் ரோட்டில், ஒன்பதாம் மாடியில், எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. ஓட்டுக் கேட்டு ஊரெல்லாம் கதவைத் தட்டப் போகிறவள் தன் கதவை மட்டும் மறைத்து வைப்பாளா? முகவரி சொல்லக் கூச்சப்படுகிறவனை நான் என் மேசைக்கு முன்னால் நிறைய பார்த்திருக்கிறேன். எல்லாம் ஏதாவது கோல்மால் கேஸாக இருக்கும். என் மகளை அப்படி யாராவது நினைத்துவிட்டால்? இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது அவள் சொந்த வீடு. முன்பக்கம் ரோஜாச்செடி, பின்பக்கம் தோட்டம். என் மகளின் வீட்டு எண்ணும் தெருப்பெயரும் இங்கிலாந்து தேர்தல் பட்டியலில் அச்சாகி வரட்டுமே என்று எனக்கு ஆசை. சின்ன ஆசை. டிக் போடவில்லை. காலியாக ஒரு தாள் போனால் பார்க்க அசிங்கம் என்று, நாலு தாளில் அந்த இரண்டாவது தாளை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சம் மூன்றை ஹஸீனாவுக்கு அனுப்பினேன்.

கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. ராத்திரி வேலை முடித்து, காரில் உட்கார்ந்தபடியே ஹஸீனா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாளாம். அப்பா நிரப்பியதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் பட்டியல் வெளியானது. அதை பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேக்கா சாப்பாட்டுக்கடைக்குக் கொண்டுபோனேன். ரவூப் தே தாரே டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“ஏன் ராசு,” என்றான், “இதுல ஏழு பேர் நிக்கறாங்க. ஆறு பேருக்கு வெறும் ஹெல்ம்பரின்னுதான் போட்டிருக்கு. உன் மவளுக்கு மட்டும் ஏன் வீட்டு நம்பர், தெரு, போஸ்ட்கோடு எல்லாம்?”

“மத்தவனுக்கெல்லாம் மடியில கனம்” என்றேன்.

“சின்னப் பிள்ளை இருக்கிற வீடு லா. புருசனும் கடல்ல. நெட்ல கண்டவன் கண்டதையும் எழுதறான். எனக்கு என்னமோ நல்லா படல.”

“உனக்கு எதுதான் நல்லா பட்டிருக்கு” என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் சிராங்கூன் ரோட்டைக் கடந்ததும் நின்று, அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தேன். மின்தூக்கியில் ஏறி ஒன்பதை அழுத்தும்போது விரல் ஈரமாக இருந்தது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை மத்தியானம், போன் வந்தது. அங்கே காலை ஏழு மணி. என் மனைவி ரஞ்சிதம் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, அப்பா இருக்காங்களா? ரெண்டு பேரும் உக்காருங்க.” வைதேகியின் குரல் மெதுவாக வந்தது. குழந்தை கேட்கக் கூடாது என்று பேசுகிற குரல். “கதவுல லெட்டர் போடற ஓட்டை இருக்குல்ல, அது வழியா ஒரு போட்டோ போட்டுட்டுப் போயிருக்காங்க. ஸ்டாம்ப் இல்ல, கவர் இல்ல. எங்க வீட்டு போட்டோ. தாரா வாசல்ல ஸ்கூட்டர் ஓட்டிட்டு நிக்கறா. பின்னாடி எழுதிருக்காங்க.”

“என்னடி எழுதிருக்கு?” என்றாள் ரஞ்சிதம்.

“அவ ரூம் ஜன்னல் எதுன்னு எங்களுக்குத் தெரியும்னு.”

ரஞ்சிதம் “ஐயோ முருகா” என்று நெஞ்சில் கையை வைத்தாள். நான் போனைப் பக்கத்தில் இழுத்தேன்.

“போலீஸ் வந்தாங்க. ரெபரென்ஸ் நம்பர் குடுத்திருக்காங்க, கவனமா இருங்கன்னாங்க. என்னை எதிர்த்து நிக்கற ஒருத்தர்கூட வந்து பாத்துட்டுப் போனாரு, பாவம், நல்ல மனுஷன். ஆனா அப்பா, எப்படி இது? மத்த யாரோட அட்ரஸும் வெளிய வரல. நீங்கதான் டிக் போட்டீங்களே. ரெண்டாவது ஷீட்ட ஹஸீனா குடுக்கவே இல்ல போலிருக்கு. டவுன் ஹால்ல கேட்டா, அப்படி ஒரு ஷீட் வரவே இல்லேங்கறாங்க.”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம். வாயைத் திறந்தேன்.

“விசாரிச்சுப் பாரு” என்றேன்.

விசாரிச்சுப் பாரு! இதைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

அதற்கப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். அச்சானது அச்சானதுதான், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். தனியாக இருக்கிற பெண், இப்போது போய்க் குழப்பக் கூடாது என்றேன். தேர்தல் முடியட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்றேன். உண்மை ஒன்றுதான். பயம். அந்தப் போட்டோ போட்டவனிடம் ஒரு பயம். ‘நீங்களா அப்பா?’ என்று அவள் கேட்கப்போகிற குரலிடம் அதைவிடப் பெரிய பயம்.

கதவில் கேமரா வைத்தாள். வாசலில் யார் அசைந்தாலும் போனில் மணி அடித்துப் படம் காட்டுகிற கேமரா. அதை என் போனிலும் ஏற்றிவிட்டாள்.

“நான் தூங்கற நேரம் உங்களுக்குப் பகல்தானேப்பா. நீங்க பாத்துக்கிட்டா எனக்கு ஒரு தைரியம். எதாவது தெரிஞ்சா உடனே எழுப்புங்க.”

ஆக, என் மகளின் வாசலுக்குக் காவல்காரன் நான். வாசலைக் காட்டிக்கொடுத்தவனே காவல்காரன். விடிகாலை ஐந்து மணிக்கு உட்காருவேன். அங்கே இரவு பத்து. இங்கே வெயில் ஏற ஏற அங்கே இருட்டு கூடும். சின்ன மணி ஒன்று தரையில் விழுகிற மாதிரி ஒரு சத்தம், டிங். உடனே போனைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடிப்பேன். பார்த்தால் பூனை. இன்னொரு டிங். நரி. அந்த ஊர்த் தெருவில் நரி சர்வ சாதாரணமாக நடக்கிறது, குப்பைத்தொட்டியை முகர்ந்துவிட்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறது, கண் இரண்டும் வெள்ளையாக. நான் டாய்லெட்டுக்கும் போனைக் கொண்டுபோனேன். குளிக்கும்போது ரஞ்சிதம் கையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

“ஏங்க, தட்டுல இட்லி காஞ்சுபோய்க் கிடக்கு. நீங்க இப்படி முறைச்சுப் பாத்தா திருடன் பயந்து ஓடிருவானா?” என்பாள். சொல்லிவிட்டு அவளும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். தினமும் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சை விளக்குப் போட்டாள். ஒரு நாள் திரும்பி வந்து, “அந்த ஹஸீனா நல்லா இருக்கமாட்டா, அவ விளங்கமாட்டான்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்” என்றாள். சும்மா இரு என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

இரண்டாவது வாரம் லெட்டர் ஓட்டை வழியாக ஒரு துணி வந்து விழுந்தது. பெட்ரோலில் நனைத்த துணி, அதற்குள் சுற்றி ஒரு தீப்பெட்டி. குச்சி எதுவும் கொளுத்தியிருக்கவில்லை. கேமராவில் தெரிந்தது ஒரு கை மட்டும், கையுறை போட்ட கை. நான் அதைப் பார்த்தேன். காலை ஒன்பது மணி இங்கே. கீழே பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போகிறார்கள், பக்கத்து வீட்டில் சாம்பிராணி போடுகிறார்கள், என் கைக்குள் அந்தக் கை ஓட்டைக்குள் நுழைகிறது. போன் போட்டு எழுப்பினேன். கதவருகே போகாதே, போகாதே என்று கத்தினேன். போலீஸ் வந்தது, துணியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனது. அவள் ஓட்டையை உள்ளிருந்து டேப் போட்டு ஒட்டினாள். பின்வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். தாரகாவைத் தன் அறையில் படுக்க வைத்தாள்.

“விலகிடு வைதேகி. வேணாம் இந்தச் சனியன்” என்றேன்.

“நாமினேஷன் டேட் போயிடுச்சுப்பா, இனி விலக முடியாது. பேர் பேப்பர்ல இருக்கும். அட்ரஸும் இருக்கும்.”

அவர்கள் வீட்டில் போய்த் தங்கச் சொல்லி ஹஸீனா கெஞ்சியிருக்கிறாள். “நான் மூணு ஷீட்தான் பிரின்ட் எடுத்தேன் வைதேகி, மூணும் குடுத்தேன், எனக்கு வந்த பைல்லயே மூணுதான் இருந்துச்சு” என்று அழுதாளாம். வைதேகி நம்பவில்லை. தன்னிடம் இருந்த அவள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாள்.

“அப்பா பாரத்துல தப்பு வராதுன்னு சொன்னேன் அவகிட்ட” என்றாள் என்னிடம். “அதுக்கு அவ பேசாம நிக்கறா. குற்றமுள்ள நெஞ்சு.”

அன்றைக்கு ஏழு தடவை எழுதி அழித்தேன். ‘அம்மா வைதேகி, ஹஸீனா மேல் தப்பில்லை.’ அழித்தேன். ‘உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.’ அழித்தேன். ரவூபிடம் மட்டும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“அந்தப் பொண்ணு இல்லாம உன் மவளுக்கு அங்க யாரு ராசு இருக்கா?”

தேர்தலுக்கு இன்னும் நாலு நாள்தான் என்றேன். நாலு நாள் தாண்டட்டும்.

தேர்தல் வியாழக்கிழமை. அன்று காலை ஏழு மணிக்கு, அங்கே நடுநிசி, தேக்கா சந்தையில் மீன் கடைக்கு முன்னால் நின்றேன். ரஞ்சிதம்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று. அவள் வௌவால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிங்.

தலையில் முக்காடு போட்ட உருவம். ஓடி வந்து கதவில் மோதி நின்றது. இரண்டு கையாலும் கதவைத் தட்டியது. சத்தம் என் போனில் சின்னதாகக் கேட்டது. அப்புறம் முகத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தது.

ஹஸீனா.

“வைதேகி! கதவத் திற! தெரு முனையில கார்ல ரெண்டு பேர் இருக்கான். நம்பர் பிளேட்ட மறைச்சிருக்கான். உன்ன நெனச்சுத் தூக்கம் வராம கார எடுத்துட்டு வந்தேன், பாட்டில்ல ஊத்தறத நான் பாத்தேன், பெட்ரோல் வாசனை! போலீசுக்குச் சொல்லிட்டேன், வர நேரமாகும். பின்பக்கமா போயிரலாம், என் காரு அங்க நிக்குது. திற!”

மகளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.

“பாத்தேன்பா. நானும் போன்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” மூச்சு வாங்கியது. “திறக்க மாட்டேன். அட்ரஸ் குடுத்தவளே அவதான். இப்ப வெளிய வா, வெளிய வாங்கறா. என்னைய வெளிய வரவைக்கத்தான் அவங்க இவள அனுப்பிருக்காங்க. தாராவைத் தூக்கிட்டு பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கறேன்.”

“வேணாம், பாத்ரூம் வேணாம், அவளோட போ.”

“உங்களுக்குப் புரியலப்பா! அவள எப்படி நம்பறது?”

பின்னால் தாரகா அழுகிற சத்தம். கதவில் ஹஸீனா தட்டுகிற சத்தம், போனில் ஒரு தடவை, கேமராவில் ஒரு தடவை. அவள் திரும்பித் திரும்பித் தெருவைப் பார்க்கிறாள். ஓடிப்போகாமல் நிற்கிறாள். மீன்காரன் “அண்ணே, வெட்டவா முழுசா?” என்கிறான்.

“வைதேகி, அவ மேல தப்பு இல்ல” என்றேன். “நான்தான். டிக் நான் போடல.”

“என்ன?”

“நீ போடச் சொன்னே. நான் போடல. மறதி இல்ல, வேணும்னேதான். அட்ரஸ் தெரியட்டும்னு நெனச்சேன். ரெண்டாவது ஷீட்ட எடுத்தது நான். அவளுக்கு அனுப்பினதே மூணு ஷீட்தான். அவ உண்மையத்தான் சொன்னா. அந்தப் பொண்ணு உன் குழந்தைய வளத்தவம்மா, கதவத் திற. என்னைய அப்புறம் என்ன வேணா பண்ணு. உன் கால்ல விழறேன், கதவத் திற!”

நான் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று தெரியாது. சந்தையில் கத்தி வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. ரஞ்சிதம் மீனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை.

போனில், படியில் தடதடவென்று காலடி. கேமராவில் கதவு திறந்தது, ஒரு துண்டு வெளிச்சம், ஹஸீனா உள்ளே பாய்ந்தாள், கதவு சாத்தியது. போன் துண்டித்துப்போனது.

வாசல் காலியாக இருந்தது. ரோஜாச்செடி, குப்பைத்தொட்டி, தெருவிளக்கு. நான் கண்ணைச் சிமிட்டவில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஆறு. பின்பக்கப் பூட்டைத் திறந்தாளா? சாவி அகப்பட்டதா? குழந்தைக்குச் செருப்புப் போட்டாளா? எதுவும் தெரியாது. யாரோ எனக்கு ஸ்டூல் போட்டார்கள். உட்காரவில்லை.

டிங்.

இரண்டு பேர். ஒருவன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இன்னொருவன் குனிந்தான். கண்ணாடி உடைகிற சத்தம். படம் முழுக்க வெள்ளையானது, அப்புறம் கறுப்பு. இணைப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது.

அவள் கதவைத் திறந்ததற்கும் இதற்கும் நடுவே பதினொரு நிமிடம். அப்போது எனக்கு அது போதுமா போதாதா என்று தெரியாது. மகளின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. சந்தைத் தரையின் ஈரத்திலேயே உட்கார்ந்து, கடவுளே கடவுளே என்று பேர் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். ஏழு நாற்பதுக்கு ரஞ்சிதத்தின் போனில் ஒரு செய்தி வந்தது. ஹஸீனாவிடமிருந்து. என் போனுக்கு வரவில்லை.

‘ஆன்ட்டி, மூணு பேரும் என் வீட்ல சேஃப். தாரா தூங்கிட்டா.’

ரஞ்சிதம் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, நான் எழுந்திருக்கக் கை கொடுக்காமல், தனியாக வீட்டுக்கு நடந்து போனாள்.

முன்கதவும் கூடமும் மாடிப்படியும் எரிந்துவிட்டன. மாடியில்தான் அந்தப் பாத்ரூம். அன்று காலை, எரிந்த வீட்டுக்கு முன்னால் நிற்காமல் வைதேகி நேராக வாக்குச்சாவடிக்குப் போனாள் என்று பின்னால் தெரிந்தது. முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தாள். இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். அவர்கள் அந்த வட்டாரத்துக்காரர்கள்கூட இல்லையாம், பட்டியலைப் பார்த்து வந்தவர்களாம்.

ஒன்பது நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

“உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

“போட்டோ வந்த அன்னிலேருந்து.”

“எத்தனை நாள்?”

“இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டு நாள்” என்றாள். “தினமும் பேசினோம்பா. தினமும் நான் அவளத் திட்டினேன், நீங்க ம், ம்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

மன்னிச்சிரும்மா என்றேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஆபீசில் பேசுகிற மாதிரி பேசினாள்.

“டிக் போடாதது தப்பு. அது போகட்டும். வேற வீடு பாத்தாச்சு, அடுத்த வாரம் போறோம். அட்ரஸ் அம்மாகிட்ட குடுத்திருக்கேன். உங்ககிட்ட குடுக்கல. கேக்காதீங்க.”

“நான் உன் அப்பா டா கண்ணு.”

“தெரியும்பா” என்றாள். “அதான் செக் பண்ணாம சைன் போட்டேன்.”

மாதம் ஒரு தடவை பேத்திக்கு முறுக்கும் பருப்புப்பொடியும் பார்சல் போகும். அது காலாகாலமாக என் வேலை. சுங்கப் பாரம் நிரப்பி, முகவரி எழுதி, எடை போட்டு எல்லாம் நான்தான். இப்போது ரஞ்சிதம் செய்கிறாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதுகிறாள். பாரத்தில் எங்கெங்கோ தப்பு விடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இடது கையை மடக்கி, எழுதுகிற வரியை மறைத்துக்கொள்கிறாள். நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அவள் பேனாவை எடுத்ததும் நான் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். எழுதி முடித்ததும் அவளே சொல்வாள்.

“ம், இப்பத் திரும்பலாம்.”